காவல் கூலி எவ்வளவு?

வீட்டுக்குத் திருட்டு அலாரம் வைக்க எவ்வளவு ஆகும், எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்று எங்கள் முதலியார்பேட்டையில் இப்போது பலரும் விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் நாமும் அங்கே போய்விடுகிறோம். அதுவரை வீடு பூட்டிக் கிடக்கிறது. கொல்லைப்புறக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், வாசலுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு என்று விட்டுவிட்டுப் போனால், பாரிஸில் இருந்தாலும் மனசு இங்கேதான் கிடக்கிறது.

இந்த விலைக் கேள்வி அலாரத்தோடு வந்ததல்ல. காவலுக்கு நியாயமான கூலி எது என்று தமிழ்நாட்டில் பல நூறு வருடங்களாகப் பேரம் நடந்திருக்கிறது. அந்தப் பேரத்தின் கதை தெரிந்தால், இன்று அலாரம் வைக்க வருகிற பையனிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் விளங்கும். அதனால் கொஞ்சம் பழைய காலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்ற சொல் வருகிறது. பாடி என்றால் ஊர். ஊரைக் காப்பதற்காக ஊரார் கொடுத்த வரிக்கு அந்தப் பெயர். பிற்காலத்தில் புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்வெட்டுகளில், ஊரார் கூடி ஒரு தலைவனுக்குப் பாடிகாவல் உரிமையைக் கொடுத்து, அதற்கு ஈடாக அவனுக்கு விளைச்சலில் பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது காவல் என்பது அப்போதே ஓர் ஒப்பந்தம். யார் காப்பது, எதைக் காப்பது, கூலி என்ன என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் வீட்டுக்கு வருகிற விலைப்பட்டியலில் இந்த மூன்றும் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

பாளையக்காரர் காலத்தில் இது இன்னும் விரிவாக வளர்ந்தது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளில் ஒவ்வொரு ஊருக்கும் உள்ள காவல் ஸ்தல காவல். பல ஊர்களும் வழிப்பாதைகளும் சேர்ந்த பெரிய பரப்புக்குப் பாளையக்காரர் ஏற்கும் காவல் தேச காவல். கூலி சில இடங்களில் வீட்டுக்கு இவ்வளவு, சில இடங்களில் ஏருக்கு இவ்வளவு. பல இடங்களில் களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே காவல்காரரின் பங்கை அளந்து ஒதுக்கிவிடுவார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூலி வாங்கிய காவல்காரர் திருட்டுப் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். “நான் ராத்திரி முழுக்கக் கண் விழித்துத்தான் இருந்தேன், என்ன செய்வது” என்று அவர் சொல்லிவிட முடியாது. கண் விழித்ததற்காக அல்ல, பொருள் போகாமல் இருந்ததற்காகக் கொடுத்த கூலி அது.

கிராமத்தில் மட்டும் இருந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். சென்னைப் பட்டணத்தில் ஆங்கிலேயக் கம்பெனி கோட்டை கட்டிய காலத்திலேயே ஊர்க்காவலுக்குப் ‘பெத்த நாயக்கன்’ என்ற அதிகாரியை வைத்தார்கள். அவருக்குச் சம்பளமாக நிலமும், பட்டணத்துக்குள் வந்த சில சரக்குகள் மேல் சிறு வரியும் உண்டு. பதிலுக்கு அவர் சேவகர்களை வைத்துக் காவல் காக்க வேண்டும், களவு போனதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இன்றைக்கும் சென்னையில் பெத்துநாயக்கன்பேட்டை என்று ஒரு பகுதி இருக்கிறதே, அது அவர் பெயர்தான்.

நம் புதுச்சேரியில் அந்த இடத்தில் இருந்தவர் ‘நயினார்’. ஆனந்தரங்கப்பிள்ளை 1736-இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பைப் புரட்டினால் நயினார் வந்து போய்க்கொண்டே இருப்பார். தமிழர் பகுதியின் காவல் சேவகர்களுக்கு அவர்தான் தலைவர். வழக்கு என்று வந்தால் சாவடியில் விசாரணை. பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘ஷோத்ரி’ நீதிமன்றம் என்றார்கள். சாவடி என்ற நம் சொல் அவர்கள் வாயில் அப்படி ஆனது.

காவல் கூலி முறையில் ஒரு பெரிய ஆபத்தும் இருந்தது. காவல்காரர் ஒருவரே, போட்டிக்கு ஆள் இல்லை என்று ஆகும்போது கூலிக்கு அளவு இல்லாமல் போகும். கூலி கொடுக்காத வீட்டில் மட்டும் மாடு காணாமல் போகும். பிறகு யாராவது ஒருவர் வந்து, “மாடு எங்கே இருக்கிறது என்று துப்பு கிடைத்திருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் திரும்பி வரும்” என்பார். இதற்குத் ‘துப்புக்கூலி’ என்று பெயர். மதுரைப் பக்கத்தில் மாட்டின் விலையில் பாதி வரைக்கும் போகும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு காவல் கூலி என்பது காப்பதற்கான விலையாக இல்லை, தொந்தரவு செய்யாமல் இருப்பதற்கான விலையாக மாறிவிட்டது.

பாளையக்காரர் போர்கள் முடிந்து, 1801-க்குப் பிறகு கம்பெனி ஆட்சி பாளையக்காரர்களின் ஆயுதங்களையும் காவல் அதிகாரத்தையும் பறித்தது. 1816-இல் கிராமத் தலைவர்களுக்குப் போலீஸ் பொறுப்பு கொடுத்தார்கள். 1859-இல் சட்டம் போட்டுச் சென்னை மாகாணத்துக்கே ஒரு போலீஸ் படை உண்டாக்கினார்கள். சம்பளம் வாங்கும் போலீஸ்காரர் வந்தார். ஆனால் களவு போனதை ஈடு கட்டும் பொறுப்பு அவருக்குக் கிடையாது. பழைய முறையின் கொடுமையோடு சேர்ந்து அதன் பொறுப்பும் போய்விட்டது. சட்டத்தில் இல்லாமல் போன காவல் கூலியோ ஊர்களில் தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருந்தது.

இனி சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது. 1896-இல் திண்டுக்கல் வட்டாரத்துக் குடியானவர்கள் இந்தக் காவல் கூலியையும் துப்புக்கூலியையும் இனிக் கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். 1906-இல் வந்த மதுரை மாவட்டக் கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற அதிகாரி இதை விவரமாக எழுதியிருக்கிறார். அவர்கள் செய்தது நான்கு காரியம். பொது நிதி ஒன்று சேர்த்து, மாடு களவு போனவருக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தார்கள். பழைய காவல்காரருக்குப் பதிலாகத் தாங்களே ஆள் வைத்தார்கள். களவு நடந்தால் ஊரை எழுப்ப அந்த ஆட்களிடம் கொம்பு கொடுத்தார்கள். நான்காவது, கொம்புச் சத்தம் கேட்டும் வெளியே வராத வீட்டுக்காரருக்கு அபராதம் இவ்வளவு என்று பட்டியல் போட்டார்கள்.

அந்த நான்காவது காரியத்தைப் பாருங்கள். கொம்பு வாங்குவது பெரிய செலவில்லை. ஊதுவதற்கு ஆள் வைப்பதும் முடிந்த காரியம்தான். ஊதினால் யார் வருவது என்பதைத்தான் அவர்கள் எழுத்தில் கட்டி வைத்தார்கள். சத்தத்தையும் வருகையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்தில் காவல் உரிமை பரம்பரையாகக் கள்ளர் சமூகத்தாரிடம் இருந்தது. கட்டுப்பாடு விரைவில் கைகலப்பாக மாறி, பல ஊர்களிலிருந்து அந்தக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் நிலத்தை உழுது பிழைத்தவர்கள்தான். பிறகு வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை அவர்கள் மேல் போட்டு, பிறந்த குழந்தையையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்ப்பது போல நடத்தியது. ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் மாண்டார்கள். சிலருடைய அநியாயக் கூலிக்கு ஒரு சமூகமே விலை கொடுத்தது.

இனி நம் அலாரத்துக்கு வருவோம். மின்சாரத் திருட்டு மணிக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் என்பவர். வருடம் 1853. கதவிலும் ஜன்னலிலும் மின்கம்பித் தொடர்பு வைத்து, திறந்தால் மணி அடிக்கும்படி செய்தார். அந்த உரிமையை எட்வின் ஹோம்ஸ் விலைக்கு வாங்கி, 1858-இல் பாஸ்டனில் வியாபாரம் தொடங்கி, அடுத்த வருடம் நியூயார்க்குக்குப் போனார். முதலில் மணி அந்த வீட்டிலேயே அடித்தது. வீட்டில் ஆள் இருந்தால் எழுந்திருப்பார்கள், இல்லாவிட்டால் மணி அடித்து யாருக்கு லாபம்? பிற்பாடு அவர் கம்பிகளை ஒரு மைய அலுவலகத்துக்கு இழுத்து, அங்கே ஆள் உட்கார்ந்து கவனிக்கும்படி செய்தார். திண்டுக்கல் குடியானவர் கண்ட அதே விஷயத்தை நியூயார்க் வியாபாரியும் கண்டுகொண்டார். மணியை ஒரு தடவை விற்கலாம், வருகிற ஆளுக்கு மாதாமாதம் வாங்கலாம்.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்கு ஒரு சட்டப் பாகுபாடு நினைவுக்கு வருகிறது. ரெனே தெமோக் என்ற பிரெஞ்சுச் சட்ட அறிஞர் 1925-இல் கடமைகளை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று முயற்சிக் கடமை. டாக்டர் வைத்தியம் பார்ப்பது போல, கவனத்தோடு செய்தால் போதும், பிழைக்க வைப்பேன் என்ற உறுதி கிடையாது. மற்றொன்று பலன் கடமை. பார்சல் கொண்டுபோகிறவர் சரக்கைச் சேர்த்தே ஆக வேண்டும், “ரொம்ப முயற்சி செய்தேன்” என்றால் நடக்காது. பழைய காவல்காரர் பலன் கடமைக்காரர். இன்றைய அலாரக் கம்பெனி முயற்சிக் கடமையைத்தான் ஏற்கிறது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், “திருட்டினால் வரும் நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் முயற்சியை விற்கிறவர் பலனுக்கான விலையைக் கேட்டால் அது நியாயமில்லை.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்காரர்கள் அலாரம் வைத்துவிட்டுப் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரத்துக்குள் நடுராத்திரியில் சைரன் அலறியது. நாலைந்து பேர் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினோம். ஒன்றும் இல்லை. சென்சார் மேல் பல்லி ஊர்ந்திருக்கலாம், திரைச்சீலை ஆடியிருக்கலாம். சாவி யாரிடமும் இல்லாததால் நிறுத்தவும் முடியவில்லை. மறுநாளும் அலறியது, இரண்டு பேர் போனோம். மூன்றாம் நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டோம். புலி வருது கதைதான். அடுத்த மாதம் கொல்லைப்புறக் கதவை உடைத்து, அந்த அம்மாவின் சீர்வரிசைப் பித்தளைப் பாத்திரங்கள் அத்தனையையும் கொண்டுபோய்விட்டார்கள். அன்றும் சைரன் அடித்ததாம். தெருவே கேட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. அலாரத்துக்கு அவர்கள் கொடுத்த பணம் சின்னத் தொகை இல்லை.

எங்கள் இளவயதில் இங்கே ரோடியர் மில் சங்கு ஊதும். அதைக் கேட்டு முதலியார்பேட்டையே எழுந்து நடந்தது. யாருக்காக ஊதுகிறது, கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிற்பாடு தெருவுக்குக் கூர்க்கா வந்தார். ராத்திரியில் தடியைத் தரையில் தட்டி, விசில் ஊதிக்கொண்டு போவார். மாதம் பிறந்தால் வாசலில் வந்து சலாம் போடுவார், வீட்டுக்கு இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் கொடுப்போம். பெரிய திருடனை அவர் ஒருவர் தடுத்துவிடுவார் என்று யாரும் நம்பவில்லை. ஆனால் எந்த வீட்டில் ஆள் இல்லை, எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரு முழுக்கச் சேர்ந்து கொடுத்ததால் கூலி யாருக்கும் பாரமாக இல்லை.

போன வருடம் என் மகளின் வற்புறுத்தலுக்காக மூன்று இடத்தில் விலை கேட்டேன். முதலாமவர் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஒரே வரியில் “அலாரம் சிஸ்டம் முழுவதும் 38,000 ரூபாய்” என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாமவர் வீட்டைப் பார்க்காமலே போனில் 16,500 என்றார். மூன்றாமவர் ஒரு சின்னப் பையன். கதவு ஜன்னல்களை எண்ணினான். கதவுக்குக் காந்த சென்சார் எத்தனை, ஹாலுக்கு அசைவு சென்சார் எத்தனை, பேனல், பேட்டரி, சைரன், வயர் எத்தனை மீட்டர், வேலைக் கூலி, வரி என்று வரிவரியாக எழுதி 24,000 போட்டான். பிரெஞ்சில் இப்படிப்பட்ட விலைப்பட்டியலைத் ‘தெவி’ என்பார்கள். அங்கே கையெழுத்துப் போட்ட தெவி இல்லாமல் ஒரு குழாயைக் கூட மாற்ற விடமாட்டார்கள்.

“தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு இது அடிச்சா யார் வருவாங்க?” என்று கேட்டேன்.

“உங்க செல்லுக்குப் போன் வரும் சார்.”

“நான் பாரிஸ்ல இருந்தா?”

“அங்கேயும் வரும் சார்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாலு நம்பர் போடலாம். பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது இருந்தா அவங்க நம்பரை முதல்ல போட்டுக்குங்க சார்” என்றான்.

மூன்று பேரில் அவன் ஒருவன்தான் வருகிற ஆளைப் பற்றிப் பேசினான். மேல்மாடி ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது, அங்கே சென்சார் வேண்டாம் என்று இரண்டைக் குறைத்துக்கொண்டு அவனிடமே வேலையைக் கொடுத்தேன். இப்போது எங்கள் பக்கத்தில் ஐந்து வீடு சேர்ந்து ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஊருக்குப் போகிறவர் சாவியை இன்னொரு வீட்டில் கொடுக்க வேண்டும். அலாரம் அடித்தால் இரண்டு பேராகப் போய் வெளியிலிருந்து பார்க்க வேண்டும், கதவு உடைந்திருந்தால் உள்ளே போகாமல் போலீசுக்குச் சொல்ல வேண்டும். வராதவருக்கு அபராதம் ஐந்து வீட்டுக்கும் காபி, டிபன். திண்டுக்கல் பட்டியலைவிட இது லேசுதான்.

பொறுப்பையும் விலையையும் சேர்த்துக் கட்டுகிற பழைய வழக்கம் அடியோடு செத்துவிடவில்லை. பேங்க் லாக்கரில் வைத்தது காணாமல் போனால் பேங்குக்குப் பொறுப்பில்லை என்றுதான் முன்பெல்லாம் கைவிரிப்பார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லி, ஆறு மாதத்தில் விதி செய்யும்படி ரிசர்வ் வங்கிக்கு உத்தரவிட்டது. அதன்படி வந்த விதி 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. திருட்டு, கொள்ளை, தீ, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நஷ்டம் வந்தால், லாக்கரின் வருட வாடகையைப் போல 100 மடங்கு வரை பேங்க் பொறுப்பு. வருட வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இருக்கிற நகைக்கு இது போதுமா என்பது வேறு விஷயம். கூலி இவ்வளவு, அதற்குப் பொறுப்பு இவ்வளவு என்று எழுத்தில் வந்திருக்கிறது. வீட்டில் அலாரம் வைத்துக்கொண்டு நகையையும் வீட்டிலேயே வைப்பதா என்று யோசிக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே விலை கேட்கும்போது இவற்றைக் கேளுங்கள். சாமான் ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதித் தருவாரா? பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் போய்விடும், மாற்ற எவ்வளவு? வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு, அதில் எத்தனை தடவை வந்து பார்ப்பார்? கடல் காற்றில் முனைகள் துருப்பிடித்தால் அது உத்தரவாதத்தில் சேருமா? காரணமில்லாமல் அடித்தால் எத்தனை நாளில் வந்து சரிசெய்வார்? அடித்தால் யாருக்குப் போன் போகும், அந்த ஆள் எத்தனை நிமிடத்தில் நம் வாசலுக்கு வர முடியும்? கம்பெனி ஆள் வருவார் என்றால் அதற்கு மாதம் எவ்வளவு, வராவிட்டால் என்ன? பதில்களைப் பில்லோடு சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு என்று வந்தால் நுகர்வோர் ஆணையத்தில் வாய்ப்பேச்சு நிற்காது, காகிதம்தான் நிற்கும்.

இதற்கெல்லாம் சரியான பதில் தருகிறவர் 24,000 கேட்டால் அதில் தப்பில்லை. ஒரு கேள்விக்கும் பதில் இல்லாதவர் 10,000-க்குத் தந்தாலும் நீங்கள் வாங்குவது சத்தம் மட்டும்தான். ஊருக்குக் கிளம்பும் முன் முதலியார்பேட்டை காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அதற்குக் கூலி எதுவும் இல்லை.